கோல் கீழே இறங்கினால்தான் ஓட்டு

2018-இல் வேலைக்காக அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குக் குடிபோனதும் ஒரு பழைய ஹோண்டா வாங்கினேன். கூடவே ஒரு ஜோடி நம்பர் பிளேட் கையில் வந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் பிளேட்டில் தன் பெருமையை எழுதிக்கொள்ளும். ஃபுளோரிடாக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் போடுவார்கள். ஐடஹோக்காரர்கள் தங்கள் ஊர் உருளைக்கிழங்கு பேர்போனது என்பார்கள். என் பிளேட்டின் அடியில் இருந்ததோ புகார்: 'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி போடுவதை நிறுத்து.'

யாரோ ஒட்டிவிட்ட ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. அரசாங்கமே தகட்டில் அச்சடித்துக் கொடுத்த புகார் அது.

எதிர் ஃபிளாட்டில் ஒரு கறுப்பின அம்மா இருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது, அவருடைய அம்மா பிறந்தது எல்லாமே அந்த ஊர்தான். லிஃப்டில் பார்த்தபோது பிளேட்டைப் பற்றிக் கேட்டேன்.

"நீ வரி கட்டுகிறாயா?" என்றார்.

"கட்டுகிறேன்."

"ஓட்டு இருக்கிறதா?"

"இல்லை. நான் விசாவில் வந்தவன்."

"எனக்கு ஓட்டு இருக்கிறது. நான் ஓட்டுப் போட்டு அனுப்புகிற ஆளுக்குத்தான் ஓட்டு இல்லை" என்று சிரித்தபடி தன் தளத்தில் இறங்கிப் போனார். இந்தக் கட்டுரைக்கு விதை அந்த ஒரு வரிதான்.

கதை இதுதான். தலைநகர் வாஷிங்டன், அதாவது டி.சி. என்கிற கொலம்பியா மாவட்டம், மாநிலம் அல்ல. சபை உறுப்பினர்களை மாநிலங்களின் மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது அரசியல் சட்டம். 1801-இல் தலைநகரம் நேரடியாகக் காங்கிரஸின் கைக்குப் போனபோது அங்கே குடியிருந்தவர்களின் ஓட்டும் கூடவே போய்விட்டது. (இந்தக் கட்டுரையில் காங்கிரஸ் என்றால் அமெரிக்க நாடாளுமன்றம். நம்ம ஊர்க் கட்சி அல்ல.) 2020 கணக்கெடுப்பின்படி டி.சி.யின் மக்கள்தொகை 6,89,545. வயோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர்தான். வயோமிங்குக்குக் கீழ்ச்சபையில் வாக்குள்ள உறுப்பினர் ஒருவர், மேல்சபையான செனட்டில் இரண்டு பேர். டி.சி.க்கு செனட்டில் யாரும் இல்லை. கீழ்ச்சபையில் 'டெலிகேட்' என்று ஒருவர் மட்டும். நம்முடைய புதுச்சேரிக்குக்கூட மக்களவையில் முழு வாக்குள்ள ஒரு எம்.பி. உண்டு என்று அந்த அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் நம்பவில்லை.

டெலிகேட்டுக்குச் சம்பளம் மற்ற உறுப்பினர்களுக்கு உள்ள அதே 1,74,000 டாலர். மசோதா கொண்டுவரலாம், அவையில் பேசலாம், திருத்தம் முன்மொழியலாம். குழுக்களில் உட்கார்ந்து அங்கே முழுசாக ஓட்டும் போடலாம். ஆனால் அந்த மசோதா குழுவைத் தாண்டி முழு அவைக்கு வந்து கடைசி வாக்கெடுப்பு நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். சபாநாயகர் தேர்தலிலும் ஓட்டு கிடையாது. குவாம், அமெரிக்க சமோவா, வர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள், பியூர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களிலிருந்து வருபவர்களையும் சேர்த்தால் இப்படி ஆறு பேர். பெரும்பாலான தீவுவாசிகள் உள்ளூர் வருமானத்துக்கு மத்திய வருமான வரி கட்டுவதில்லை. டி.சி.க்காரர்கள் கட்டுகிறார்கள். பிளேட்டில் இருக்கும் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

1991 ஜனவரியிலிருந்து டி.சி.யின் டெலிகேட்டாக இருப்பவர் எலினார் ஹோம்ஸ் நார்ட்டன். அவருடைய கொள்ளுத்தாத்தா வர்ஜீனியாப் பண்ணை ஒன்றில் அடிமையாக இருந்து, தப்பித்து வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தவர். நார்ட்டன் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, 1963-இல், கறுப்பின உரிமைப் போராட்டத்துக்காக மிசிசிப்பிக்குப் போனார். அங்கே அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான மெட்கர் எவர்ஸ் அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் போன சில மணி நேரத்தில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நடந்த வாஷிங்டன் பேரணியின் ஏற்பாட்டு வேலைகளிலும் நார்ட்டன் இருந்தார். பிறகு கருத்துரிமை வழக்கறிஞராகி, வெள்ளை இனவெறிக் கட்சி ஒன்றுக்குக் கூட்டம் நடத்தும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடி 1968-இல் ஜெயித்தார். கறுப்பினப் பெண், இனவெறியர்களுக்காக! இந்த ஒரு வழக்கை வைத்தே அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். 1977-இல் ஜனாதிபதி கார்ட்டர் அவரைச் சமவாய்ப்பு வேலை ஆணையத்தின் தலைவராக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இவ்வளவையும் பார்த்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஓட்டே இல்லாத ஒரு நாற்காலிக்குப் போட்டியிட்டார்.

எனக்குத் தொழில் தரவுகளோடு. எதையும் அட்டவணையில் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு சனிக்கிழமை, நார்ட்டனின் வாக்குப் பதிவுகளைத் தேடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் 435 இடங்கள். ஆம், இல்லை, வரவில்லை என்று பத்திகள். அவர் பெயர் 'வரவில்லை' பத்தியில்கூட இல்லை. ஆண்டுக்கணக்காகப் பின்னால் போனாலும் இல்லை. வராதவர் என்று குறிக்கவும் முதலில் அழைப்பு இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சில ஆண்டுகளில் மட்டும், அதிலும் திருத்தங்கள் மீதான வாக்கெடுப்புகளில் மட்டும், திடீரென்று அவர் பெயர் முளைத்தது. ஃபைல் பழுதோ என்று நினைத்தேன்.

பழுதில்லை என்பது 2019 கோடையில் நேரில் பார்த்தபோது விளங்கியது. அவருடைய அலுவலகத்தில் கேட்டால் பார்வையாளர் மாடத்துக்கு இலவசமாகப் பாஸ் கொடுப்பார்கள். ஃபோனை வெளியே ஒப்படைத்துவிட்டு மேலே போய் உட்கார்ந்தேன். சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் உயரமான பச்சைப் பளிங்குப் பீடம் ஒன்று. அதன் மேல் ஒரு கோல். கருங்காலித் தண்டுகள் பதின்மூன்றை வெள்ளிப் பட்டையால் கட்டி, உச்சியில் உலக உருண்டை, அதன் மேல் சிறகு விரித்த கழுகு. 1841-இல் செய்தது. அவை கூடியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பட்ஜெட் மசோதா வந்தது. ஏதோ ஓர் அறிவிப்பு. சபாநாயகர் இருக்கையில் இருந்தவர் எழுந்துகொள்ள வேறொருவர் வந்து உட்கார்ந்தார். பணியாளர் ஒருவர் அந்தக் கோலைத் தூக்கிக் கீழே இருந்த தாழ்வான பீடத்தில் வைத்தார். அவ்வளவுதான். ஆட்கள் அதே ஆட்கள், நாற்காலிகளும் அதே நாற்காலிகள். ஆனால் சட்டப்படி இப்போது அங்கே கூடியிருப்பது அவை அல்ல. 'முழு அவைக் குழு'. அதாவது எல்லா உறுப்பினர்களும் அடங்கிய ஒரு குழு. திருத்தங்களை விறுவிறுவென்று முடிப்பதற்காக பிரிட்டிஷாரிடமிருந்து வந்த பழைய ஏற்பாடு. அன்றைய விதிப்படி, குழு என்று ஆகிவிட்டால் டெலிகேட்டுகளும் ஓட்டுப் போடலாம். கோல் மறுபடி மேலே ஏறி, மசோதா மீது கடைசி வாக்கெடுப்பு தொடங்கியதும் அவர்கள் ஓட்டு அணைந்துவிடும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர் நார்ட்டன்தான். டெலிகேட்டுகளுக்குக் குழுக்களில் ஓட்டு உண்டு, முழு அவைக் குழுவும் பெயரளவில் ஒரு குழுதானே, அப்படியானால் அங்கே ஏன் கூடாது என்று கேட்டார். சட்டம் படித்த மூளை. 1993 ஜனவரியில் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை அதை அவை விதியாக்கியது. குடியரசுக் கட்சிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு வரும் என்று தெரிந்து விதியிலேயே ஒரு பூட்டும் வைத்திருந்தார்கள்: டெலிகேட்டுகளின் ஓட்டால் முடிவு மாறுகிறது என்றால், உடனே அவர்களை விட்டுவிட்டு மறுபடி ஓட்டெடுக்க வேண்டும்.

நம்ம ஊர்த் தெரு விளையாட்டில் இதற்குப் பெயர் உண்டு. பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தில் அழுகிற சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் கணக்கில்லை. ஒப்புக்குச் சப்பாணி. சொல் இன்றைக்குக் காதுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீதிபதி ஹரால்ட் கிரீன் அந்த விதி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். காரணம் அந்தப் பூட்டுதான். டெலிகேட்டின் ஓட்டு முடிவை மாற்றாது, ஆகவே அரசியல் சட்டத்துக்குக் கேடில்லை. பலனில்லை என்பதால்தான் அந்த ஓட்டு செல்லும் என்று ஆயிற்று.

அந்த அரைகுறை ஓட்டும் நிலைக்கவில்லை. 1995-இல் குடியரசுக் கட்சி பெரும்பான்மைக்கு வந்து பிடுங்கியது. 2007-இல் ஜனநாயகக் கட்சி திருப்பிக் கொடுத்தது. 2011-இல் போயிற்று, 2019-இல் வந்தது, 2023-இல் மறுபடியும் போயிற்று. என் அட்டவணையில் பெயர் முளைத்து மறைந்த மர்மம் இதுதான். முளைத்த இடங்களில் அவர் ஓட்டு ஏறக்குறைய எப்போதும் ஜனநாயகக் கட்சியின் பக்கம்தான். அதில் ஆராய்ச்சிக்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் அவர் செய்த வேலையை எதை வைத்து அளப்பது?

எதிர் ஃபிளாட் அம்மாவைக் கேட்டால் தன் பேத்தியைக் காட்டுவார். அமெரிக்காவில் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். டி.சி.யில் இருப்பது ஒரே ஒரு அரசுப் பல்கலைக்கழகம். மற்றபடி எங்கே போனாலும் அவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். 1999-இல் நார்ட்டன் ஒரு சட்டம் கொண்டுவர வைத்தார். நாட்டின் எந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் அந்தக் கட்டண வித்தியாசத்தை, அன்றைய கணக்கில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை, மத்திய அரசு கொடுக்கும். பேத்தி அந்தப் பணத்தில் வட கரோலினாவில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தபோது லிஃப்டில் பெரிய துணி மூட்டையோடு நின்றாள். ஒரு செமஸ்டர் அழுக்கு முழுக்கப் பாட்டி வீட்டுக்கு.

நான் மாலையில் நடக்கப் போகும் இடம் அனகோஸ்தியா ஆற்றங்கரைப் பூங்கா. நீரூற்றுக்குள் பிள்ளைகள் சட்டையோடு ஓடுவார்கள், ஐஸ்கிரீம் வண்டி நிற்கும். அந்த இடம் முன்பு கடற்படை ஆயுதத் தொழிற்சாலை, பிறகு மத்திய அரசின் பேரில் வெறுமனே கிடந்த நிலம், 55 ஏக்கர். தனியாரோடு சேர்ந்து அதைக் கட்டியெழுப்ப வழிசெய்யும் சட்டத்தை 2000-இல் கொண்டுவந்தவர் நார்ட்டன்தான். பூங்கா 2010-இல் திறந்தது. அங்கே எழுந்த புது அடுக்குமாடிகளின் வாடகையை டி.சி.யின் பழைய குடும்பங்களால் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர் ஃபிளாட் அம்மா அந்தப் பக்கம் வரமாட்டார். "அது உன்னை மாதிரி ஆட்களுக்கு" என்பார். மறுக்க முடியவில்லை.

இன்னொரு வகை வேலை கண்ணுக்குத் தெரியாது. டி.சி. தன் சொந்த வரிப் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்பதில்கூடக் காங்கிரஸ் தலையிடலாம். எங்கோ இருக்கும் ஓர் உறுப்பினர் பட்ஜெட் மசோதாவில் ஒரு வரி செருகினால் போதும். போதை ஊசி பயன்படுத்துவோருக்குப் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்துக்கு டி.சி. தன் பணத்தையே செலவிடக் கூடாது என்று 1998-இல் தடை போட்டார்கள். எச்.ஐ.வி. பரவிக்கொண்டிருந்த ஊரில்! 2007 கடைசியில்தான் அது நீங்கியது. நார்ட்டனின் நாட்களில் பெரும்பகுதி இப்படிச் செருகப்பட்ட வரிகளைப் பிடுங்குவதில் போயிருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அது மதிப்பெண்ணாக ஏறாது.

ஓட்டு இல்லாததன் விலையை டாலரில் பார்க்க வேண்டுமென்றால் 2020 மார்ச். கொரோனா நிவாரணச் சட்டத்தில் மாநிலத்துக்குக் குறைந்தது 125 கோடி டாலர். டி.சி.யைத் தீவுகளோடு சேர்த்து எண்ணி ஏறத்தாழ 50 கோடி கொடுத்தார்கள். துண்டு விழுந்தது 75.5 கோடி. பெரும்பாலும் மாநிலக் கணக்கில் வரும் ஊர், அன்றைக்குத் தீவாயிற்று. அடுத்த மார்ச்சில் ஆட்சி மாறியதும் அந்தப் பணம் திரும்பி வந்தது. இரண்டு மசோதாவிலும் நார்ட்டனுக்கு ஓட்டில்லை.

சில வெற்றிகளை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மாநிலங்களின் படம் போட்ட கால் டாலர் நாணய வரிசையில் டி.சி.யை விட்டுவிட்டார்கள். நார்ட்டன் போராடிச் சேர்க்க வைத்தார். நாணயத்தில் அந்தப் பிளேட் வாசகத்தைப் போடலாமா என்று ஊர் கேட்டது, நாணயச்சாலை மறுத்தது. கடைசியில் 2009-இல் வந்த நாணயத்தில் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார், கீழே 'அனைவருக்கும் நீதி' என்று எழுத்து. என்னிடம் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சிலைகள் உண்டு, 2013-இல் டி.சி.யின் சார்பில் அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸின் சிலையை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்.

இந்த ஓட்டில்லாப் பதவி அவர் காலத்தில் வந்ததல்ல. 1787-இல், அப்போது இன்னும் மாநிலமாகாத வடமேற்குப் பிரதேசத்துக்காக எழுதிய சட்டத்திலேயே 'விவாதிக்க உரிமை உண்டு, வாக்களிக்க இல்லை' என்று இருக்கிறது. அந்தப் பிரதேசத்தின் முதல் டெலிகேட் வில்லியம் ஹென்றி ஹாரிசன், சாதாரணக் குடியானவனும் நிலம் வாங்கும்படி 1800-இல் நில விற்பனைச் சட்டத்தையே மாற்ற வைத்தார். பிற்பாடு ஜனாதிபதியும் ஆனார். 2021-இல் வர்ஜின் தீவுகளின் டெலிகேட் ஸ்டேசி பிளாஸ்கெட், டிரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையில் செனட்டின் முன் நின்று குற்றச்சாட்டை வாதாடினார். அதே குற்றச்சாட்டின் மீது கீழ்ச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டில்லை. ஆனால் பழைய பிரதேசங்களுக்கு இது இடைக்கால ஏற்பாடு. ஆள் சேர்ந்ததும் மாநிலமாகி, ஓட்டும் வந்துவிடும். டி.சி.யில் அந்த இடைக்காலம் முடியவே இல்லை.

முடித்துவைக்க நார்ட்டன் முயலாமல் இல்லை. 1993-இல் மாநில அந்தஸ்து மசோதா 153-277 என்று தோற்றது. 2007-இல் கிட்டத்தட்ட நடந்துவிடும் போலிருந்தது. டி.சி.க்கு ஓர் ஓட்டு, ஈடுகட்டக் குடியரசுக் கட்சியின் கோட்டையான யூட்டாவுக்கு ஓர் இடம். அந்த விவாதத்தில் ஓர் உறுப்பினர் தனக்குக் கொஞ்சம் நேரம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் குறுக்கிட்டார். "விட்டுக்கொடுக்க மாட்டேன். 206 ஆண்டுகளாக விட்டுக்கொடுத்தே வந்திருக்கிறது கொலம்பியா மாவட்டம்" என்று சீறினார் நார்ட்டன். கீழ்ச்சபையில் 241-177 என்று தேறியது. செனட்டில் விவாதத்தைத் தொடங்கவே 60 ஓட்டு வேண்டும், கிடைத்தது 57. இரண்டு ஆண்டு கழித்து செனட் 61-37 என்று நிறைவேற்றியது. ஆனால் டி.சி.யின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளைக் கலைக்கும் திருத்தத்தை அதன் வாலில் கட்டிவிட்டார்கள். ஓட்டு வேண்டுமா, துப்பாக்கிச் சட்டம் வேண்டுமா என்ற இடத்தில் மசோதா செத்தது. 2020-இல் மாநில அந்தஸ்து 232-180, 2021-இல் 216-208 என்று கீழ்ச்சபையில் வென்றது. செனட் இரண்டையும் எடுக்கவே இல்லை. இரண்டும் அவர் எழுதிய மசோதாக்கள், இரண்டிலும் அவர் பெயர் என் அட்டவணையில் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை டி.சி. நண்பர்களிடம் சொன்னால் கோபப்படுவார்கள். நார்ட்டன் இவ்வளவு திறமையாகக் கேட்டு வாங்கியதே ஓட்டுக்கு எதிரான வாதமாகிவிட்டதோ? பூங்கா வந்தது, படிப்புப் பணம் வந்தது, பிறகு ஓட்டு எதற்கு என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்களோ? ஆனால் கேட்டு வாங்கியது என்பதால் அதே கையால் பிடுங்கவும் முடிகிறது. 2023-இல் டி.சி. மாநகரசபை இயற்றிய குற்றவியல் சட்டத்தை காங்கிரஸ் ரத்து செய்தது. கீழ்ச்சபையில் 250-173, செனட்டில் 81-14. நார்ட்டனின் சொந்தக் கட்சி ஜனாதிபதி பைடனே கையெழுத்துப் போட்டார். 2025 ஆகஸ்டில் நகரப் போலீஸையே ஜனாதிபதி டிரம்ப் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு தேசியக் காவல் படையை இறக்கினார். அப்போது நார்ட்டனுக்கு 88 வயது. முன்னாளில் அவருடன் வேலை செய்தவர்களே, போதும் அம்மா, விலகுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓட்டில்லாத பதவியில் இருக்கும் ஒரே ஆயுதம் குரல். அது தளர்ந்தால் நாற்காலி முழுக்கக் காலி.

டி.சி.யை மாநிலமாக்காமல், குடியிருப்புப் பகுதியை மட்டும், அந்த நிலத்தை முதலில் கொடுத்த பக்கத்து மாநிலமான மேரிலாந்தோடு திருப்பிச் சேர்த்துவிடலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். முட்டாள்தனமான யோசனை என்று தள்ள முடியாது, ஒரு முறை நடந்தே இருக்கிறது. பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த பகுதியை 1847-இல் வர்ஜீனியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தலைநகரில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்துவிடுவார்களோ என்று அங்கிருந்த வியாபாரிகளுக்கு இருந்த பயமும் அதற்கு ஒரு காரணம். மேரிலாந்தும் கேட்கவில்லை, டி.சி.க்காரர்களும் கேட்கவில்லை என்பதுதான் இன்றைய சிக்கல்.

வாடகை தாங்காமல் நான் குடிபோனது அந்தக் கரைக்குத்தான், அலெக்சாண்டிரியாவுக்கு. பழைய ஃபிளாட்டிலிருந்து மூன்று பாலம் தள்ளி. பிளேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்பக்க ஸ்க்ரூ ஒன்று துருப்பிடித்துக் கழலவே இல்லை. எதிர் ஃபிளாட் அம்மா தன் வீட்டிலிருந்து எண்ணெயும் ஸ்பேனரும் கொண்டுவந்து, குனிந்து நின்று, இரண்டே திருப்பில் எடுத்துக் கொடுத்தார். "அந்தப் பக்கம் போகிறாயா? அங்கே செனட்டர் இரண்டு பேர் கிடைப்பார்கள்" என்றார். எனக்குத்தான் ஓட்டே இல்லையே என்றேன். "உனக்கு இல்லை, அந்த ஊருக்கு" என்றார்.

புதுப் பிளேட் வந்தது. அடியில், 'வர்ஜீனியா காதலர்களுக்கானது' என்று எழுதியிருந்தது.